காட்டோரத்துப் பசி

1996ஆம் ஆண்டு. மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குச் செல்லும் பாதையை விட்டு விலகி, மலைச்சரிவொன்றிலே அமைந்திருந்த ஒரு சிறு பாடசாலையில் நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். வகுப்பறை என்பது பெயரளவில்தான். மூன்று பக்கமும் அரைச்சுவர். நான்காவது பக்கம் ஒரு பலகைத் தட்டி. அரைச்சுவருக்கு அப்பால் தேயிலை. தேயிலைக்கு மேலே, முகில் கவிந்து கிடக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர். கரும்பலகையைப் பார்ப்பதைக் காட்டிலும் அந்த மலையைப் பார்ப்பதிலேயே என் மாணாக்கரின் கண்கள் பழகியிருந்தன.

அன்றைய பாடம் புறநானூறு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டு நின்றபோது, கபிலர் அவர்களை நோக்கிப் பாடிய 109ஆம் பாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். வாயிலை அடைத்துப் பட்டினி போட்டு இம்மலையை வென்றுவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஏர் தொடாமலே விளையும் பொருள்கள் நான்கு இங்கே உண்டு என்கிறார் புலவர். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இந்த நான்கும் உள்ளவரை பறம்பு நாட்டவர்க்குப் பசியில்லை. நான் உணர்ச்சியோடு சொல்லி முடித்தேன் என்றே நினைக்கிறேன். வகுப்பு அமைதியாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். மெலிந்த உடல்; பதினைந்து வயதென்று இடாப்பு சொன்னது, பதினொரு வயதென்று கண் சொன்னது.

"சேர், அந்த மலைக்குக் காவற்காரன் இல்லையா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அக்காலத்து மலைக்கு அரசனே காவல் என்பதாக ஏதோ மறுமொழி கூறி அவனை உட்காரச் செய்தேன். மணி அடித்து வெளியே வந்தபோது மற்றொரு மாணவன் என் அருகே வந்து, அவனுடைய தந்தை இரு நாள்களுக்கு முன்பு காட்டிலே கிழங்கு அகழ்ந்து சாக்கில் கட்டிக்கொண்டு இறங்கியபோது பிடிபட்டார் என்றும், சாக்கும் அலவாங்கும் பறிபோயின என்றும் மெல்லச் சொன்னான். அதற்குப் பின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வார இறுதியில் அவர்களுடைய லயத்துக்குப் போனேன். மழைநீர் வழியும் தகரக்கூரை. ஓர் அறையும் ஒரு இஸ்தோப்பும். தந்தையும் தாயும் மலைக்குப் போயிருந்தனர். பையனுடைய பாட்டி அடுப்படியில் இருந்தார். "வாங்க வாத்தியாரய்யா" என்று எழுந்து, இருந்த ஒரே முக்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, வெறுந்தேநீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் தந்தார்.

பையனின் கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர் பெருமூச்செறிந்தார்.

"அவன் கேட்டதுல என்னாங்க தப்பு? எழுபத்து நாலுல அரிசியும் இல்ல, மாவும் இல்ல. தோட்டத்துல வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு நாள்தான் வேல. கடைக்காரன் கடன் குடுக்கல. நான் பெத்த அஞ்சையும் இந்தக் காடுதாங்க வளத்துச்சு."

1973, 1974ஆம் ஆண்டுகளைத் தோட்டத்து முதியோர் யாரும் மறந்தவரல்லர். உலகச் சந்தையில் கோதுமையின் விலை ஏறியது. இலங்கையின் உணவுப் பங்கீடு குறைந்தது. காணியற்ற தோட்டத் தொழிலாளிக்கு அதுவே உயிர் நாடியாயிருந்தமையால், நாட்டில் வேறெவரையும்விட அவனையே அந்தப் பஞ்சம் கடுமையாகத் தாக்கிற்று. தோட்டங்களில் இறப்பு வீதம் சடுதியாக உயர்ந்தது. நகரத்து வீதிகளில் பிள்ளைகளோடு கையேந்தி நின்ற தோட்டக் குடும்பங்களைக் கண்டவர்கள் இன்றும் உளர்.

பாட்டி கையேந்தவில்லை. கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண்மணி ஒருவரோடு அவருக்கு நெடுநாட் பழக்கம். அறுவடைக் காலத்தில் அந்த வீட்டு வயலில் இவர் கூலி வாங்காமல் உழைப்பார். அவர் பதிலாகப் பலாக்கொட்டையும் கித்துள் பாணியும் கொடுப்பார். பஞ்சம் வந்தபோது அந்தப் பெண்மணி இவரைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, இன்ன கொடியின் அடியில் இன்ன கிழங்கு இருக்கும் என்று காட்டிக் கொடுத்தாராம். சதுப்பு நிலத்தில் வளரும் முள் நிறைந்த கொகிலவின் தண்டைச் சீவிச் சமைக்கும் முறை, இடி முழங்கி மழை பெய்தபின் புற்றில் எழும் காளானை இனம் காணும் முறை, கசப்புக் கிழங்கை மெல்லிதாக நறுக்கிக் கூடையிலிட்டு ஓடும் நீரில் ஓர் இரவு வைத்தெடுக்கும் முறை ஆகிய யாவும் அவரிடமிருந்து கற்றவை. அயல் லயத்திலே ஒருவர் அதே கிழங்கைக் கழுவாமல் அவித்துத் தின்று நினைவிழந்து கிடந்த கதையையும் பாட்டி சொன்னார்.

"காடு அம்மா மாதிரின்னு சொல்லுவாங்க. அம்மாவும் அடிப்பாங்கல்ல? எது எப்போ திங்கணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் காடு சோறு போடும்."

என்னிடம் ஒரு பயிற்சிப் புத்தகம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல இலை, கிழங்கு, காய், கனிகளின் பெயர்களை அவர் உச்சரித்தவாறே எழுதிக்கொண்டேன். தகரை, வல்லாரை, குறிஞ்சா, கொவ்வை, பொன்னாங்காணி என நான் அறிந்தவை சில. தமிழா சிங்களமா என்று பிரிக்கவியலாத பெயர்கள் பல. மொத்தம் இருபத்து மூன்று பெயர்கள். எதற்காக எழுதினேன் என்று அன்று கேட்டிருந்தால் எனக்கே விடை தெரிந்திராது.

வீடு திரும்பியபின் பழைய நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். பையனுடைய கேள்விக்கு விடை 1840இல் இருந்தது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலங்கள், மாறான உரிமை நிறுவப்படும்வரை, முடிக்குரியவை என்று விதித்தது. மாத்தளை மலைகளிலே கிராமத்தான் தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிக் குரக்கன் விதைத்த நிலமும், விறகெடுத்த காடும், கித்துள் சீவிய சரிவும் ஒரே நாளில் ஏட்டளவிலே கைமாறின. அவ்வாறு கைமாறிய காடுகள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. 1848இல் இந்த மாவட்டத்தில் வெடித்த கிளர்ச்சிக்கு நாய் வரியும் துப்பாக்கி வரியும் வீதி வரியும் உடனடிக் காரணங்களாயினும், நிலமிழந்த கிராமத்தானின் உள்ளக்கொதிப்பு அதன் அடியிலே இருந்தது. தம்புள்ளையிலிருந்து புறப்பட்ட அந்தப் படையைப் பிரித்தானியர் முறியடித்தனர். புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்டிலே கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தக் கோப்பி மலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. தென்னிந்தியாவின் பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்து மன்னாரில் இறங்கிய நம்மவர், கொடிய காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளையை வந்தடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே வீழ்ந்தவர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தவரின் நன்றிதான் மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் என்று முதியோர் கூறுவர். மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் வீதியுலா வரும் காட்சியைக் காண்போருக்கு அந்த நடைப்பயணம் நினைவுக்கு வரவேண்டும். பசிக்கு அஞ்சிப் புறப்பட்டவர்கள் காட்டை ஊடறுத்து வந்து, காட்டை வெட்டி, கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பிச் செடியை இலைத் துருநோய் பற்றியது. பின்பு அதே மலைகளில் தேயிலை வந்தது. ஆனால் அவர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி ஒரு பலாமரம் நடும் உரிமையும் வரவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியபோது, அரச காணி கேட்கும் வாயும் அடைபட்டது.

ஆக, ஒரே மலையின் அடிவாரத்தில் இரண்டு வறுமைகள் உருவாயின. கிராமத்தான் காட்டை இழந்தான். ஆயினும் அவனுடைய வீட்டைச் சுற்றி ஒரு சிறு காடு எஞ்சிற்று. உக்குவளைப் பக்கமாகவோ ரத்தோட்டைப் பக்கமாகவோ நடந்து செல்பவர்கள் அதைக் காணலாம். மேலே தென்னையும் கமுகும் கித்துளும். அவற்றின் கீழே பலாவும் ஈரப்பலாவும். மரத்தைப் பற்றி ஏறும் மிளகு. நிழலிலே கோப்பியும் சாதிக்காயும். தரையிலே வள்ளியும் இஞ்சியும் வல்லாரையும். கண்டிய வீட்டுத்தோட்டம் என்று விவசாய அறிஞர் போற்றும் இவ்வமைப்பு, மனிதன் தன் கையால் மீண்டும் நட்டுக்கொண்ட காடேயாகும்.

அதன் நடுநாயகம் பலா. 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில், பிஞ்சுக்கு ஒரு பெயர், முற்றிய காய்க்கு ஒரு பெயர், பழத்துக்கு ஒரு பெயர் என மக்கள் பலாவை வழங்குவதைக் குறித்திருக்கிறார். பொலொஸ், கொஸ், வரக்கா என்று இன்றும் சிங்கள மக்கள் அவ்வாறே வழங்குகின்றனர். காயைச் சீவி அடுப்புக்கு மேல் உலர்த்தி வைப்பர். கொட்டையை மணலில் புதைத்து மாதக்கணக்கில் காப்பர். பலாமரத்தை அனுமதியின்றி வெட்டலாகாது என்று சட்டமே தடுத்து வைத்திருக்கிறது. அரிசி இல்லாத நாளில் அதுவே அரிசி.

தோட்டத்தானுக்கு வீட்டுத்தோட்டமும் இல்லை. அவனுக்கு எஞ்சியது கடை. கடையில் கிடைப்பது கோதுமை மா. காலையில் ரொட்டி, பகலில் ரொட்டி, இரவில் சோறும் பருப்பும். இடையிடையே இனிப்புத் தேநீர். வயிறு நிறைகிறது, உடம்பு வளர்வதில்லை.

இந்த இடத்தில் மருத்துவ நூல்கள் கூறுவதைச் சிறிது சொல்லவேண்டும். 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர்கள். தோட்டப்புறங்களில் அத்தொகை 32. பதினைந்து வயது மாணவன் பதினொரு வயதுடையவனாய்த் தோன்றிய காரணம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. உயரக் குறைவு என்பது ஒரு நாள் பட்டினியின் விளைவன்று. கருவிலிருந்து தொடங்கும் நெடும்பசியின் கணக்கு அது. சோற்றிலும் மாவிலும் போதிய அளவில் இல்லாத இரும்புச்சத்தும் உயிர்ச்சத்துகளும் புரதமும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்து வந்ததன் கூட்டுத்தொகை.

இரும்புச்சத்தைப் பற்றி ஒன்று. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைத் தடுக்கிறது. நெல்லிக்காயும் தேசிக்காயும் போன்ற புளிப்புக் கனிகளின் உயிர்ச்சத்து அதனை ஏற்கத் துணை செய்கிறது. உலகுக்குக் கொழுந்து பறித்துக் கொடுக்கும் பெண்ணே ரொட்டியோடு தேநீர் குடித்துச் சோகை பிடித்து நிற்க, அவள் நிற்கும் மலைக்கு மேலே, நெல்லி காய்த்து உதிர்கிறது.

கீரையைப் பற்றி இன்னொன்று. கீரையின் பச்சையிலே மறைந்திருக்கும், கண்ணுக்கு நலம் பயக்கும் சத்து, கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். சிங்களக் கிராமத்துப் பெண் கீரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் சேர்த்து மல்லுங் செய்கிறாள். தேங்காய் ஒரு சத்துக்கும் தேசிப்புளி ஒரு சத்துக்கும் துணையாகின்றன. அவள் எந்த நூலையும் படித்து அதைச் செய்யவில்லை.

உலக அறிஞரும் இன்று இதனையே பேசுகின்றனர். 2013இல் உலக உணவு விவசாய நிறுவனம் உரோமாபுரியில், காடுகளும் உணவும் பற்றிய மாநாடொன்றைக் கூட்டிற்று. மறு ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஆபிரிக்காவின் 21 நாடுகளில், மரச்செறிவு மிகுந்த இடங்களில் வாழும் குழந்தைகளின் உணவு வகைகளும் மிகுந்திருப்பதைக் காட்டியது. ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் சொன்னது. பழமும் காய்கறியும் உண்பது மரம் கூடக்கூட ஓர் அளவுவரை கூடி, அதற்கு மேல் குறைந்துவிட்டது. கன்னிக் காட்டின் நடுவிலும் மரமற்ற வெளியிலும் பார்க்க, மரமும் வயலும் கலந்த நிலமே குழந்தைக்கு நன்கு ஊட்டியது. நான் இதைப் படித்தபோது உக்குவளை வீட்டுத்தோட்டங்கள் என் கண்முன் நின்றன.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும்.

பையன் கேள்வி கேட்டதற்கு முந்திய ஆண்டு, என் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய வேளையில் உணவுப் பெட்டியை மடியில் மறைத்து வைத்து உண்பதைக் கண்டேன். அவித்த மரவள்ளிக்கிழங்கும், தகரைக்கீரை வறையும். மற்றப் பிள்ளைகள் "காட்டுச் சாப்பாடு" என்று அவளைக் கேலி செய்தனர். கேலியைக் கண்டிக்க வேண்டிய நான், பெற்றோர் கூட்டத்திலே, பிள்ளைகளுக்குப் பாணோ பிஸ்கட்டோ நாகரிகமாகக் கொடுத்தனுப்புங்கள் என்று அறிவுரை கூறினேன். மறு திங்களன்று அவள் ஒரு சிறு பிஸ்கட் பொதியோடு வந்து, எல்லோரும் காணும்படி மேசைமேல் வைத்து உண்டாள். செவ்வாயும் அப்படியே. புதன் முதல் வெறுங்கையோடு வந்தாள். காசு முடிந்துவிட்டது, கீரையைக் கொண்டுவர நாணம் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள்.

ஒரு பிள்ளையின் பாத்திரத்திலிருந்து கீரையை அகற்றியவன் நான். காவற்காரனாவது சாக்கைத்தான் பறித்தான்.

இதைச் சொல்வதனால், காட்டைத் திறந்துவிட்டால் பசி தீரும் என்று நான் வாதிப்பதாக யாரும் கொள்ளவேண்டாம். நக்கிள்ஸ் காட்டின் கீழ்ச்செடிகளை அகற்றி ஏலம் நட்ட காலம் ஒன்றிருந்தது. வருவாய் வந்தது, ஆனால் முதுமரங்களின் நிழலில் முளைக்கவேண்டிய இளங்கன்றுகள் அழிந்தன. 1980களில் அதற்குத் தடை வந்தது. 2000இல் அக்காடு பேணற்காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அம்பன் கங்கைக்கு நீர் ஊட்டுவது இம்மலையே. 2018இல் நிறைவெய்திய மொரகஹகந்த நீர்த்தேக்கமும் அதை நம்பியே இருக்கிறது. ஆயிரமாயிரம் அலவாங்குகள் அங்கே ஏறினால் வள்ளிக்கொடியும் மிஞ்சாது, நீரும் மிஞ்சாது. காவல் வேண்டியதே. ஆனால் காட்டுக்குக் காவல் வைத்தவர்கள், காட்டை நம்பியிருந்தவனுக்கு அதற்கு ஈடாக ஒரு துண்டு நிலம் வைத்தார்களா என்பதே கேள்வி. ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடமைத்துக் கொடுக்கும் திட்டம் அண்மைக் காலத்தில் வந்தது. வீடு போக எஞ்சும் நிலத்தில் ஒரு பலாவும், ஒரு முருங்கையும், ஒரு பாத்திக் கீரையும் நிற்கலாம். அவ்வளவேனும் எல்லா லயத்துக்கும் வந்து சேரவேண்டும்.

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் அந்த லயத்துக்குப் போனேன். நாடு பொருளாதாரத்தில் நிலைகுலைந்து கிடந்த காலம். முந்திய ஆண்டு இரசாயன உரத்துக்கு விதித்த தடை விளைச்சலைக் குறைத்திருந்தது. கோதுமை மாவின் விலை பன்மடங்காகியிருந்தது. பலாக்காய் தந்து அயலவரின் உயிரைக் காத்த கதைகள் நாடெங்கும் பேசப்பட்டன. பாட்டி மறைந்து பல ஆண்டுகளாகிவிட்டன. காவற்காரனைப் பற்றிக் கேட்ட பையன் இப்போது ஒரு பெண்பிள்ளைக்குத் தந்தை. கொழும்பில் கட்டட வேலை நின்றுபோனதால் ஊர் திரும்பியிருந்தான். லயத்தின் பின்புறத்தில் அவன் நட்டிருந்த மரவள்ளியைக் குரங்குகள் பிடுங்கிப் போட்டிருந்தன. மாத்தளை மாவட்டத்தில் பயிரிடுவோர் எவரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் துயரம் அதுவே.

"சேர், பாட்டி இருந்தப்போ கேட்டு வச்சிக்காமப் போயிட்டேன்" என்றான். "எந்தக் கொடின்னு கொஞ்சம் தெரியும். ஆனா எதைக் கழுவணும், எதைச் சுடணும், அது தெரியல. பிள்ளைக்கு எப்படிக் குடுக்கிறது?"

என் பையிலே அந்தப் பழைய பயிற்சிப் புத்தகம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவன் வாசித்தான்; அவனுடைய தாயார் அருகே வந்து அமர்ந்து, பெயர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு நாங்கள் மூவரும், பின்னால் அச்சிறுமியும், பீலிக்கரை வழியாகவும் வாய்க்கால் ஓரமாகவும் தேயிலை எல்லைவரை நடந்தோம். ஒவ்வொரு பெயருக்கும் உரிய இலையைத் தேடினோம். மாலைக்குள் பதினான்கு பெயர்களுக்கு இலையோ கொடியோ கிடைத்துவிட்டது. சிறுமி ஒவ்வொன்றிலும் ஓர் இலை பறித்துப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வைத்தாள். எஞ்சிய ஒன்பதும் பெயர்களாகவே நிற்கின்றன. அவை எந்தச் செடிகள் என்று சொல்லக்கூடியவர் அந்த லயத்தில் இல்லை.

இப்பகுதியை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணாக்கரின் வீடுகளில் பாட்டிமார் இருப்பார்கள். பஞ்ச காலத்தில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டு எழுதிவரும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கசப்பை நீக்கும் முறையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுதி வந்ததை வகுப்பிலே எல்லோரும் கேட்க உரக்க வாசியுங்கள். வாசிக்கும்போது யாரேனும் சிரித்தால், என்னைப் போல் நீங்களும் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள்.